ஏழு பெண் சிலந்திகள்

லேபிள் அக்காவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இருபத்திரண்டு வருடமாக, செத்த உயிரினங்களைப் பதப்படுத்தி வைக்கும் குப்பிகளுக்கு ஸ்பிரிட் ஊற்றி, உள்ளே பெயர்ச்சீட்டு எழுதிப் போடுவதுதான் அவள் வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அவளுடைய மேலதிகாரியை எல்லோரும் பூச்சி சார் என்பார்கள். "பூச்சி இல்லப்பா, சிலந்தி. கால எண்ணிப் பாரு" என்று அவரும் சலிக்காமல் திருத்துவார். தாவும் சிலந்திகளில் ஒரே ஒரு பேரினம், அதில் ஏழு வகை. அதிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனுஷன். ஆண்களை உடம்பு மினுமினுப்பை வைத்தே வகை சொல்லிவிடலாம். பெண்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆணோடு சேர்த்துப் பிடித்திருந்தால்தான் இன்ன வகை என்று எழுதலாம். ஏழாவது வகையில் இதுவரை கிடைத்தது ஒரே ஒரு பெண். அது அகப்பட்ட காடு இப்போது கல்குவாரி.

சீட்டில் பென்சில் எழுத்து மெலிதாக இருக்கிறதே, சார் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிறாரே என்று அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அவர் வெளியூர் போன வாரம், வகைக்கு ஒன்றாக இருந்த ஏழு பெண் சிலந்திகளின் சீட்டையும் மகளின் ஜெல் பேனாவால் புதிதாக எழுதிப் போட்டாள். பழையதைக் குப்பையில் போட்டாள். ஸ்பிரிட்டில் மை நிற்காது என்று அவளுக்குத் தெரியாதா? வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்வதே அவள்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

திங்கட்கிழமை அந்தக் குப்பிகளைப் போட்டு வைத்திருந்த ஜாடியைத் திறந்தாள். உள்ளே ஏழு குப்பியிலும் வெளிர்நீலத் தண்ணீர், வெள்ளைச் சீட்டு. குப்பைத்தொட்டிக்கு ஓடினாள். குப்பை வண்டி சனிக்கிழமையே வந்து போயிருந்தது. ஏதோ ஒன்றில் ஏழாவது பெயரை எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சாருக்கே தெரியாது. அதை நினைத்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

சார் வந்தார். வெள்ளைச் சீட்டுகளைப் பார்த்தார். "இதுல ஏழாவது வகை எதும்மா?"

"தெரியல சார்." நடந்ததைச் சொன்னாள்.

ஏழையும் ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. "எனக்கும் தெரியல" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. பென்சிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும்."

ஏழு சீட்டிலும் "வகை தெரியவில்லை" என்று முத்து முத்தாக எழுதினாள். பென்சில் எழுத்து. இனி நூறு வருஷமானாலும் அழியாது.