நனைக்காத செங்கல்

என் எழுத்து வரிக்கு வரி மேலும் கீழும் போகும். நான் கட்டிய சுவர் எதுவும் இப்படிக் கோணியதில்லை. வகுப்பு நோட்டில் எழுதுகிறேன், கூடப் படிக்கிறவர்களே, பொறுத்துக்கொண்டு படியுங்கள். எழுபது வயதில்தான் எழுதப் பழகினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிறது. ஆனாலும் நமக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த நசீமா டீச்சரைப் பற்றி இன்னொருவர் கையால் எழுதவைக்க மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மொட்டைமாடியில் நின்றிருந்தேன். நம் வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் பூக்காரி தனம் போன் செய்தாள். "மேஸ்திரி, டீச்சர் போய்ட்டாங்க. நெஞ்சு வலியாம்." அப்போது என் காலடியில் நான்கு செங்கற்கள் இருந்தன. டீச்சருக்காக வைத்தவை.

பூந்தமல்லியில் மாலை வகுப்புக்கு வந்த நமக்குத் தெரியும், பலகையைப் பார்த்து எழுதினால் மட்டும் டீச்சர் விடமாட்டார். ஒருநாள், 'இவ்வழி அடைக்கப்பட்டுள்ளது' என்று யாரோ ஒட்டிய நோட்டீஸைக் கொண்டுவந்தார். நான் தடுமாறாமல் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினேன். "நல்லா படிச்சீங்க அண்ணே. இதுல சொல்லாம விட்டது என்ன?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. தனம்தான், "வேற எந்த வழியா போவணும்னு சொல்லலியே!" என்று கத்தினாள்.

பிறகு ஒருநாள், அவரவர் தொழிலைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னார். 'செங்கலை நனைத்துக் கட்ட வேண்டும்' என்று எழுதினேன். நானாக எழுதிய முதல் வரி.

"ஏன் அண்ணே?"

"காஞ்ச கல்லு சாந்துல கீற தண்ணிய உறிஞ்சிடும். ஒட்டாதும்மா."

"ஒட்டாம போனதைப் பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். நாற்பது வருடத்தில் ஒரு கல்லைக்கூட நனைக்காமல் வைத்ததில்லை. எங்கிருந்து பார்ப்பது? "மத்தவங்க சொன்னதை நம்புறது தப்பில்ல. எப்படித் தெரியும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றார்.

வீட்டு மாடியில் சோதித்துப் பார்த்தேன்: நனைத்த கல் ஒரு ஜோடி, நனைக்காத கல் ஒரு ஜோடி, நடுவில் சாந்து. ஒரு வாரம் கழித்துச் சாக்குப்பையில் போட்டு மாங்காட்டு வீட்டிலிருந்து பஸ்ஸில் வகுப்புக்குத் தூக்கிவந்தேன். உங்கள் முன்னால் பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஜோடியும் அசையவில்லை.

"இன்னா மேஸ்திரி, நாப்பது வருசமா ஊரை ஏமாத்திகினு கீறியா?" என்றாள் தனம். எல்லோரும் சிரித்தீர்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "இந்த ஒரு வாரம் என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் பிடிபட்டது. கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடும் பழக்கத்தில், வைத்த கையோடு இரண்டு ஜோடிக்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். தினமும் ஊற்றியிருக்கிறேன். காய்ந்த கல்லும் வயிறு நிறையக் குடித்திருக்கிறது!

"தப்பு எங்கன்னு நீங்களே கண்டுபிடிச்சீங்க பாருங்க, இதுக்குத்தான் நான் வகுப்புக்கு வரேன்" என்றார் டீச்சர். அன்று பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி வீடு வந்தேன்.

டீச்சர் போவதற்கு முதல் நாள், திங்கட்கிழமை, மறுபடி வைத்த கற்கள்தான் மாடியில் இருப்பவை. இந்தத் தடவை தண்ணீர் ஊற்றவில்லை. கை பரபரக்கிறது, அடக்கிக்கொள்கிறேன்.

'எப்படித் தெரியும்?' என்ற அந்தக் கேள்விதான் டீச்சர் என்னிடம் விட்டுப்போனது. பதிலைக் கேட்க அவர் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். அடுத்த வாரம் வகுப்பில் பிரித்துப் பார்த்து, நடந்ததை இதே நோட்டில் எழுதுகிறேன். நான் நாற்பது வருடம் நம்பியது பொய்யாகப் போனாலும் எழுதுகிறேன்.