கோரேசு ராசாவின் தாடி

ஒன்பது வயதில் நான் பாரசீகப் பேரரசர் கோரேசாக இருந்தேன். ஒரு வரவேற்புப் பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் என் ஆட்சிக்காலம். தலைநகரம், ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் எங்கள் தமிழ்ச் சபை வாடகைக்கு எடுத்திருந்த மண்டபம்.

பதவி திறமையால் வந்ததல்ல. ஞாயிறு பள்ளியின் ஆண்டிறுதி விழாவுக்கு ஒரு நாடகம் வேண்டியிருந்தது. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த யூதர்களைக் கோரேசு ராசா விடுவித்து ஊருக்கு அனுப்பிவைத்த கதையைப் பெரியப்பா நாடகமாக எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாடகங்கள் போட்டுப் பெயர் வாங்கியவர். அவர் எழுதிய தமிழ் ஒக்லாந்தில் பிறந்த பிள்ளைகளின் வாயில் நுழைகிற தமிழாக இல்லை. பையன்கள் எல்லாரும் ஈட்டி பிடிக்கும் சேவகனாக நிற்கத்தான் ஆசைப்பட்டார்கள். சேவகனுக்கு வசனம் கிடையாது. நானோ, ஆங்கிலத்தில் பதில் சொன்னால் காதே கேட்காதது போல இருந்துவிடும் ஓர் அம்மாவிடம் வளர்ந்தவள். கிரீடம் என் தலைக்கு வந்தது.

"ராசா பொம்பிளைப் பிள்ளையோ?" என்று சபையில் யாரோ கேட்டார்கள்.

"தாடியை வைச்சுவிட்டா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் பெரியப்பா.

தாடியை அம்மா பஞ்சில் செய்தார். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, ரானுயியில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில், துணி உலர்த்தும் கொடிக்கு அடியில் நின்று, உலர்ந்துகொண்டிருந்த சட்டைகளுக்கு நான் கட்டளையிட்டுக்கொண்டிருந்தபோதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

அங்கே குடியிருந்தவர்கள் ஈரானில் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும். கணவருக்கு நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூன் இருந்தது. அவர்களுடைய புதுவருஷத்துக்குக் குங்குமப்பூச் சோறு எங்கள் வீட்டுக்கு வரும்; எங்களுடைய நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, பலகாரம் அங்கே போகும். அதற்குமேல் பேச்சு வைத்துக்கொள்ள இரு பக்கத்திலும் ஆங்கிலம் கொஞ்சம் தயங்கும்.

அவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, நான் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கோரேசு" என்றேன். புரியாது என்று நினைத்து, "சைரஸ். பாரசீகத்தின் ராசா" என்று ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். "முதலில் சொன்னதைத் திரும்பச் சொல்."

"கோரேசு."

"கூரோஷ்" என்றார் அவர், மெதுவாக. "எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். என் தம்பிக்கும் அதுதான் பெயர். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாரும் சைரஸ், சைரஸ் என்கிறார்கள். நீ எவ்வளவு கிட்ட வந்துவிட்டாய்." பிறகு அவருடைய பார்வை என் மோவாய்க்கு இறங்கியது. "அது என்ன?"

"தாடி."

"கூரோஷ் நத்தார் தாத்தா இல்லை, கண்ணே" என்றார், நிஜமாகவே மனம் வருந்தியவராக.

அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, ராசாவின் தாடியைத் தன்னிடம் விட்டுவிடும்படி அப்பாவிடம் கேட்டார். அவர் போனபின் வீட்டில் சிறிய ஆலோசனை நடந்தது.

"அவையள் வேற சமயமெல்லே. தங்கட ராசா எங்கட கடவுளுக்கு வேலை செய்த மாதிரிக் காட்டினா, குறையா நினைப்பினமோ?" என்றார் அம்மா.

அப்பா அடுத்த நாள் வேலிக்கருகே போய், சுற்றிவளைத்து அதைக் கேட்டே விட்டார். அவர் சிரித்தாராம். கூரோஷ் பாபிலோனைப் பிடித்தபோது எந்தச் சனத்தையும் நீ யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்கவில்லை, அவரவர் கோயிலை அவரவர் கட்டுங்கள் என்றுதான் சொன்னார், அப்படியிருக்க நான் கேட்பேனா என்றாராம். அப்பா இதை வந்து சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டது போலிருந்தது.

சனிக்கிழமை என்னைச் சலூனுக்குக் கூட்டிப்போனார்கள். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் வெட்டிப் பார்ப்பதற்கென்று அங்கே ஒரு பொம்மைத் தலை இருந்தது. அதன் கறுத்த முடியை வெட்டியெடுத்து, வலைத்துணியில் கொத்துக் கொத்தாக ஒட்டி, சூடான கம்பியால் வரிசை வரிசையாகச் சுருட்டினார். கல்லில் செதுக்கிய ராசாக்களுக்கு அப்படித்தான் இருக்குமாம். காத்திருந்த வாடிக்கையாளர்கள், பேரரசருக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். வேலை நடக்கும்போது, சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கூரோஷின் சமாதிக்குப் போன கதையைச் சொன்னார். வெட்டவெளியில் சில கற்படிகள், மேலே ஒரு சின்னக் கல் வீடு, அவ்வளவுதானாம். உலகத்தில் பாதியை ஆண்டவருக்கு எங்கள் கராஜ் அளவு வீடுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருடைய மனைவி, பழைய சாமான் விற்கும் ஒப் ஷொப்பில் வாங்கிய ஊதா நிறத் திரைச்சீலையில் ஓர் அங்கி தைத்துத் தந்தார். மடியும்போதெல்லாம் அதற்குள் எங்கிருந்தோ ஒரு நதி ஓடுவது போல இருக்கும்.

விழா நாள் நல்ல வெயில். அவர்கள் இருவரும் முன்வரிசையில், கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல உடுத்திக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். பாபிலோன் பிரச்சினை இல்லாமல் விழுந்தது. ஆனால் நான் சிம்மாசனத்தில் ஏறிய நேரம் பார்த்து, வேர்வையில் பசை இளகி, தாடி ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. மண்டபம் சிரித்தது. சேவகர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு வசனம் மறந்தது, கண்ணில் நீர் முட்டியது.

முன்வரிசையிலிருந்து அவர் எழுந்து நேரே மேடைக்கு வந்தார். என் முன்னால் முழங்காலிட்டு, சட்டைப்பையிலிருந்து பசைப் புட்டியை எடுத்து, தாடியை ஒட்டி அழுத்திப் பிடித்தார். பிறகு வலக்கையை நெஞ்சில் வைத்து, தலை தாழ்த்தி வணங்கிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து இறங்கினார். சிரிப்பு நின்றுபோயிற்று. நான் ராசா என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை; எனக்கும்தான்.

எழுந்து நின்று சொன்னேன்: "உங்களில் எவருக்கெல்லாம் சொந்த ஊருக்குப் போக விருப்பமோ, அவர்கள் போகலாம். உங்களிடமிருந்து எடுத்ததெல்லாம் திருப்பித் தரப்படும். இடிந்ததைக் கட்டுங்கள். உங்களை ஒருவரும் தடுக்கமாட்டார்கள்."

பிள்ளைகள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த இடத்தில் பெரியப்பா திரையை மூட வேண்டும். மூடவில்லை. கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கீழே எங்கள் பெரியவர்கள், போர்க்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், கைகூடத் தட்டாமல் இருந்தார்கள். ஒரு பெண் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். என் நடிப்பு அவ்வளவு உருக்கமாக இருந்திருக்கிறது என்று எண்ணி நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

சாப்பாட்டு வரிசையில் சலூன்காரர் மறுபடி என்னிடம் வந்தார். கையிலிருந்த தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் முழங்காலிட்டார்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம். நானும் ஊருக்குப் போகலாமா?"

பேரரசருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? கையை உயர்த்தி, அவருக்குப் புரிய வேண்டுமே என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "போகலாம். நாளைக்கே போகலாம். உன்னை ஒருவரும் தடுக்கமாட்டார்கள்."

அவர் தலை குனிந்துகொண்டார். அவருடைய மனைவி தட்டுகளுடன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரால் ஊருக்குத் திரும்ப முடியாது என்பதையும், போனால் விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்பதையும், அந்த வாரங்களில் ஷிராஸில் அவருடைய தாய் படுக்கையில் இருந்ததையும் நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா சொன்னார்.

"எனக்கு ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா, போகலாம் எண்டு உன்ர வாயில வந்திருக்குமோ? அந்த ஒரு சொல்லை ஆராவது தனக்குச் சொல்லிக் கேட்டது அண்டைக்கு மட்டும்தானாம். அந்த மனுசன் எத்தினை தரம் என்னட்டச் சொல்லிப்போட்டார்."

அவர்கள் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் போனால் எழுந்து நின்று வரவேற்பார். நான் செய்த எந்த வேலைக்கும் அவ்வளவு நன்றி எனக்குக் கிடைத்ததில்லை. அவர் எனக்குச் செய்ததற்கு நான் சொல்லித் தீர்க்காத நன்றியோ இன்னும் அப்படியே கிடக்கிறது.

அன்றைக்கு அவர் நெடுநேரம் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. எனக்குத் தாடி அரித்தது. பசியும் வந்துவிட்டது. எங்களைத் தாண்டிப் போனவர்கள் மீன் ரோல்ஸை எல்லாம் எடுத்து முடிப்பதற்குள் இவர் எழுந்துவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டு, உயர்த்திய கையை இறக்காமல் நின்றேன்.