சுவர் மேல் பச்சை டியூப்

எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் மேல் ஒரு பச்சை டியூப் கிடக்கும். பாதி எங்கள் பக்கம், பாதி சிங்கப்பூர் மாமி வீட்டுப் பக்கம். புதிதாக வருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள். சொன்னால் அப்பாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் சாலையில் வயலைத் தூர்த்து மனை போட்ட புதிதில், அங்கே இருந்தது மாமி வீடு ஒன்றுதான். மாமாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாமி பிள்ளைகளோடு தனியாக இருந்தார். பக்கத்து மனையை அப்பா வாங்கினார். எல்லா மனையும் முப்பது அடி அகலம். அப்பா கணக்கு வாத்தியார், சும்மா இருப்பாரா? டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் நின்று மாமியின் மனையை அளந்தார். முப்பதரை காட்டியது. "அந்தம்மா அரை அடி நம்ம பக்கம் தள்ளி சொவத்த கட்டியிருக்கு" என்று கொதித்தார். நேரே போய்க் கேட்டும் விட்டார். "அளந்துதாண்ணே கட்டுனோம்" என்றார் மாமி. அத்தோடு பேச்சு நின்றுபோனது.

எங்கள் மனையில் போட்ட போர்க் குழாயில் வந்தது உப்புத் தண்ணீர்; மாமி வீட்டு போர் ஆழம், அதில் நல்ல தண்ணீர். லாரித் தண்ணீரை வைத்தே வீட்டுச் சுவர் எழும்பியது. தளம் போடுகிற அன்று பார்த்து, மழைச் சேற்றில் லாரி தெருமுனையிலேயே மாட்டிக்கொண்டது. ஆட்கள் வந்தாயிற்று, கலவை மெஷின் ஓடுகிறது, தண்ணீர் இல்லை. "உப்புத் தண்ணி வேணாம் சார், கம்பி துருப்புடிச்சிடும்" என்றார் மேஸ்திரி. மாமி வீட்டில் கேட்கச் சொன்னாள் அம்மா. "செத்தாலும் கேக்க மாட்டேன்" என்றார் அப்பா. அவர் வாய் மூடவில்லை, சுவரைத் தாண்டி ஒரு பச்சை டியூப் வந்து விழுந்தது, தண்ணீரோடு. "மேஸ்திரி, புடிங்க. கரண்டு போறதுக்குள்ள ரொப்பிக்குங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து மாமி குரல் கொடுத்தார்.

தளம் முடிந்தது. அதன் பிறகு தளத்தில் தண்ணீர் கட்டியதும், நாங்கள் குடித்ததும், சமைத்ததும் அந்த டியூப்பில்தான். அப்பாவும் குடித்தார், மாமியிடம் மட்டும் பேசவில்லை.

வாசற்படிக்குக் குறிபோட மேஸ்திரி ஒருநாள் அந்த டேப்பைக் கேட்டு வாங்கினார். இழுத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல மொதோ அரை அடியே இல்லியே" என்றார். துணி டேப், எப்போதோ நுனி கிழிந்துபோய், மிச்சத்தில் வளையத்தை வைத்து அம்மா தைத்துக் கொடுத்திருந்தாள். எதை அளந்தாலும் அது அரை அடி கூட்டித்தான் காட்டும். எங்கள் மனையை அளந்திருந்தாலும் முப்பதரைதான் வந்திருக்கும். அதை அளக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. அம்மாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்பா சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். மாமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி, தப்பு எம்மேலதான். டேப்பு கிழிஞ்சிருக்கு" என்றார். மாமி அவரையும் டேப்பையும் பார்த்தார். "சரிண்ணே, டிரம்மு ரொம்பி வழியுது பாருங்க, மொதல்ல டியூப்ப எடுத்துப் போடுங்க" என்றார். மாமியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இப்போது குழாயிலேயே நல்ல தண்ணீர் வருகிறது. போன மாதம் சுவருக்கு வெள்ளையடித்தபோது, இனி எதற்கு என்று டியூப்பைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. "என்னாண்ணே, டியூப்ப காணும்? மறுபடி அளந்து பாத்துட்டீங்களா?" என்று அந்தப் பக்கம் மாமியின் குரல் கேட்டது. முழங்கால் வலியோடு அப்பா எழுந்தார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, டியூப்பைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் போட்டார். போய்ப் பார்த்தேன். மாமி வீட்டுப் பக்கம் அரை அடி கூடுதலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.