பாட்டின் தலையில் ஒட்டியிருந்த பேச்சு

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா திருமங்கலத்தில் தன் வீட்டிலிருந்தே ஓர் இணைய வானொலி நடத்தினாள். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பழைய சினிமாப் பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கொஞ்சம் பேச்சு. எனக்குப் பாட்டு வேண்டும், பேச்சு வேண்டாம். அந்த நேரத்தில் நான் சமயநல்லூரில் டியூஷன் எடுத்துக்கொண்டிருப்பேன் என்பதால், வீட்டுக் கணினியைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டுப் போவேன்.

ஒலி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கில் பிடிக்கிற வேலையெல்லாம் என்னிடம் கிடையாது. இணையத்தில் ஒலி ஸ்ட்ரீமாக எப்படி வருகிறதோ அப்படியே கோப்பாக வேண்டும். வெட்டிய பிறகு மறுபடி எம்பி3 ஆக மாற்றினால் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் போய்விடும். மாற்றாமல் அப்படியே நறுக்கித் தருகிற மென்பொருள் ஒன்றை வைத்திருந்தேன்.

பாட்டின் பெயர் மாறும் இடத்தில் கணினி தானாகவே கோப்பைப் பிரித்துவிடும். அக்கா பேசத் தொடங்கும்போதே அடுத்த பாட்டின் பெயர் வந்துவிடுவதால், அவள் பேச்சு அந்தப் பாட்டின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, அதை வெட்டி எறிவதுதான் என் வேலை. மூலப் பதிவை உடனே அழித்துவிடுவேன்.

இதை அவளிடமே பெருமையாகச் சொன்னேன்.

"உன் பேச்சைத் தூக்கிட்டேன்க்கா. இப்பப் பாட்டு சுத்தமா இருக்கு."

"கேக்குறதே நாலு பேரு. அதுல ஒருத்தன் என் வாயை அடைக்கிறான்" என்று சிரித்தாள்.

மறுநாளிலிருந்து பேச்சை முடித்ததும் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். எனக்கு வெட்ட வசதியாக இருக்கட்டும் என்று.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து இறந்துபோனாள். முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு முன்னால் அவள் மகள் வந்தாள்.

"ஜெபத்துல அம்மா குரலைப் போடணும் மாமா. என் போன்ல இருந்ததெல்லாம் போன் கெட்டப்பவே போயிருச்சு. அம்மா எதையும் சேமிச்சு வைக்கல. உங்ககிட்டதான் அம்புட்டும் இருக்கும்."

ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். எல்லாமே வயலினிலோ தபலாவிலோ ஆரம்பித்தன. துளி இரைச்சல் இல்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒன்றே ஒன்றில் இருந்தாள். எனக்குப் பிடிக்காத பாட்டு, அதனால் அரைகுறையாக வெட்டிப் போட்டிருக்கிறேன். "...ன்னு நெனச்சுக்கிட்டேன். சரி, பாட்டைக் கேளுங்க." அவ்வளவுதான்.

மகளிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டு முடித்தும் அவள் அதைக் கழற்றவில்லை. "இதுக்கு முன்னாடி அம்மா என்ன சொன்னாங்க மாமா?"

வெட்டும்போது நான் அதைக் கேட்டிருக்கத்தான் வேண்டும். ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் மறுபடி ஓடவிட்டாள். திரையில் குரலின் அலை முடிந்து, பாட்டுக்கு முன்னால் அந்த ஒரு நொடி வெறுமையாக வந்தது. "அம்மா ஏன் மாமா இங்க நிறுத்துறாங்க?" என்று கேட்டாள். எனக்காக நிறுத்தினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.