ஊற்று நீர் என்று எழுதினேன்

சாக்கடைத் தண்ணீரை ஊற்று நீர் என்று ஆய்வுப் பதிவேட்டில் எழுதியவன் நான். தெரியாமல் எழுதவில்லை. பக்கத்தில் நின்று முகர்ந்து பார்த்து, அலுவலகத்துக்குத் திரும்பி, கை கழுவிவிட்டு எழுதினேன்.

ஏற்காட்டில் பதினோரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேலத்தில் மழைநீர் வடிகால் கோடையில் காய்ந்து கிடக்கும். அதில் தண்ணீர் ஓடினால் யாரோ கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரியும். மலையில் அப்படிச் சொல்லிவிட முடியாது. ரோட்டுக்காகப் பாறையை வெட்டிய இடங்களில், மழை நின்று பல வாரம் ஆன பிறகும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் எங்கள் படிவத்தில் 'ஓடும் நீர்' என்ற கட்டத்தில் மழை, ஊற்று, கழிவு என்று மூன்றில் ஒன்றை எழுதுவோம். முதல் இரண்டில் எதை எழுதினாலும் ஃபைல் முடிந்தது. கழிவு என்று எழுதினால் நோட்டீஸ், இணைப்புத் துண்டிப்பு, மறு ஆய்வு என்று வேலை நீளும். கழிவு ஒரு சொட்டுக்கூட வடிகாலில் விழக் கூடாது என்பதுதான் விதி.

பாட்டில்

வாழவந்திப் பக்கம், ரோட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஊர். காப்பியும் ராகியும் போடும் குடும்பங்கள். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் ஓர் ஊற்றுக்குழிதான். அந்த ஊர் வெள்ளையம்மா ஒரு கோடையில் புகார் மனுவோடு வந்தார். மேலே இருக்கும் லாட்ஜின் குழாய் ரோட்டோர வடிகாலில் விழுகிறது, அது பள்ளத்தில் இறங்கி எங்கள் குழிக்குப் பக்கமாக ஓடுகிறது என்றார். பள்ளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஃபைல் நனையும், கீழே வையுங்கள் என்றேன்.

போய்ப் பார்த்தேன். லாட்ஜின் பின்கட்டில் புதிதாக ஆறு அறைகள். அவற்றுக்கு செப்டிக் டேங்க் இல்லை. உண்ணிச்செடிப் புதருக்குள் மறைத்து ஒரு பிவிசி குழாயை வடிகாலில் விட்டிருந்தார்கள். மேனேஜர் ஒரு காப்பி கொடுத்தார். வேறு எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மேலதிகாரி சொன்னது இவ்வளவுதான்: "கோடை விழா நேரங்க. லாட்ஜ் மேல நோட்டீஸ் வேண்டாம். முடிச்சு வையுங்க."

சேலத்துக்கு மாறுதல் கேட்டு நான் கொடுத்திருந்த விண்ணப்பம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எப்படி முடிப்பது என்று அவர் சொல்லவில்லை. ஒரு மாதமாக மழை இல்லை, அதனால் மழை என்று எழுத முடியாது. ஊற்று என்ற வார்த்தையை நானேதான் தேர்ந்தெடுத்தேன்.

பதில் கேட்டு வெள்ளையம்மா மறுபடி வந்தார். ஊற்றுத் தண்ணீர்தான் என்று சொன்னேன்.

"ஏனுங்க சார், ஊத்துத் தண்ணியில சோப்பு நொரை வருமுங்களா?"

பக்கத்து மேஜை கிளார்க் சிரித்துவிட்டார். மண்ணில் இருக்கும் உப்பு அப்படி நுரைக்கும் என்று நான் ஒரு விளக்கம் கொடுத்தேன்.

"படிச்சவங்க எழுதுனா சரியாத்தான் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு மாறுதல் கிடைத்தது. நான் இறங்கிப் போன பிறகும் அந்த வார்த்தை மலையிலேயே இருந்து வேலை பார்த்தது. இரண்டு வருடம் கழித்து வடிகாலைப் புதுப்பித்தபோது பொறியாளர் பதிவேட்டைப் பார்த்தார். நல்ல ஊற்றுத் தண்ணீர் பள்ளத்தில் வீணாகிறதே என்று, நல்ல மனதோடு, வடிகால் முடியும் இடத்திலிருந்து ஊர்க்குழிக்கே ஒரு பைப் போட்டுக் கொடுத்தார். தேங்காய் உடைத்துத் திறந்தார்களாம். மழைக்காலத்தில் வாடை தெரியவில்லை. வெள்ளையம்மா வேண்டாம் என்றாராம். ஆபீஸ் ரெக்கார்டிலேயே இருக்கிறது என்று ஊர் சொன்னதாம்.

இதெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரியும். சேர்வராயன் கோயில் திருவிழாவில் வரிசையில் எனக்கு முன்னால் வெள்ளையம்மா நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்டார். பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மூணு பேருக்கு மஞ்சக்காமாலைங்க சார். ரெண்டு பேரு எந்திரிச்சுட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு எந்திரிக்கலீங்க."

அந்தத் தண்ணீரால்தான் என்று யாரும் எங்கும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியவன் நான்.

கேசரி பவுடர்

அடுத்த வாரமே பழைய அலுவலகத்துக்குப் போய், என் அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுத்தேன். என் நாற்காலியில் இப்போது ஓர் இளம்பெண் இருந்தார். மரியாதையாகப் பேசினார். "பதிவேட்டுல ஊற்றுன்னு தெளிவா இருக்கே சார். மாத்தறதுக்கு ஆதாரம் வேணுமே" என்றார். எனக்கு எதிராக என் கையெழுத்தே நின்றது.

கடைவீதியில் ஒரு பாய் கடைக்குப் போய் முப்பது பாக்கெட் கேசரி பவுடர் கேட்டேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஏனுங்க சார், மலைக்கே கேசரி கிண்டப் போறீங்களா?" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.

அதே லாட்ஜில், அதே பின்கட்டில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தேன். புதிய ஆய்வாளரைக் காலை பத்து மணிக்குக் குழியருகே பைப் முனையில் நிற்கச் சொன்னேன். பொடியை வாளியில் கரைத்து, குளியலறைத் தரையில் ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அன்றைக்கே செய்திருக்க வேண்டிய சோதனை. இருபது நிமிடத்தில் போன் வந்தது.

"சார், ஆரஞ்சு கலர்ல வருது" என்றார். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

லாட்ஜுக்கு நோட்டீஸ் போனது. குழாயை அடைத்தார்கள், செப்டிக் டேங்க் கட்டவைத்தார்கள். வடிகாலிலிருந்து குழிக்கு வந்த பைப்பையும் பிடுங்கினார்கள். குழியை இறைத்துக் கழுவினார்கள். அதுவரை ஊர் குடிக்க மேலே ரோட்டோரம் ஒரு குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். என் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். காலம் கடந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

ஒரு மழைக்காலம் போன பிறகு, குழித் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று லேப் அறிக்கை கொடுத்தது. நானே அதை வெள்ளையம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

"இத எழுதுனது ஆருங்க?"

"லேபுலங்க."

"அன்னிக்கு ஊத்துன்னு எழுதுனது?"

"நானுங்க."

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். கோபமாகக்கூடக் கொடுக்கவில்லை. "நாங்க இன்னும் ரோட்டுக் கொழாய்லதானுங்க எடுக்கறோம். குழித் தண்ணிய மாட்டுக்குக் காட்டறமுங்க. அது ஒரு வருசம் நல்லா இருந்துச்சுன்னா அப்பறம் பாக்கலாமுங்க" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்.

நான் குழியருகே போய் நின்றேன். அடியில் கல் தெரிந்தது. கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு இறங்கி வந்தது. தண்ணீருக்கு மேலே மூக்கை நீட்டி நிதானமாக முகர்ந்தது. அதற்குப் பிறகுதான் வாய் வைத்தது.

நானும் அன்று முகர்ந்து பார்த்தவன்தான்.