மூக்கை மாற்றிய பாடகி

எள்ளும் காய்ந்த இலைத்தூளும் தூவிய ரொட்டி வேகும் மணம்... பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் நான் வேலை செய்த லெபனான்காரரின் கடையை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது.

அதற்கு முன் ஒரு குளிரறையில் பெட்டி தூக்கினேன். விரல்கள் விறைத்துப்போகும். இந்தக் கடையோ கதகதப்பு. பின்பக்கத்தில் அரபுப் பாட்டுக் கசெட்டுகளை அடுக்குவது என் வேலை.

அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. தமிழும்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தான் அரபு வாசிப்பான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? கசெட் மட்டையில் உள்ள முகத்தைப் பார்த்து அடுக்குவேன்.

அதில் ஒரு பாடகி. கல்யாண வீடுகளில் பாடித் தொடங்கியவராம். அவருடைய கசெட்தான் அதிகம் விற்கும். அகன்ற மூக்கு, நெற்றியில் விழும் கறுப்புச் சுருள்முடி...

ஒருநாள் புதுக் கசெட் வந்தது. கூரிய மூக்கு, பொன்னிற முடி. யாரோ புதுப்பெண் என்று வேறு தட்டில் வைத்துவிட்டேன். அந்தச் சுருள்முடிப் பாடகியின் புதுப் பாட்டைக் கேட்டு வந்தவர்களை அந்தக் கிழமை முழுக்க, இன்னும் வரவில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

சனிக்கிழமை முதலாளி கண்டுபிடித்தார். பெயரைப் பெரிதாக அச்சடித்திருக்கிறார்களே, பழைய மட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டார். எழுத்து என்றாலே என் கண் அதைத் தாண்டிப் போய்விடும் என்று எப்படிச் சொல்வது? இனிக் குளிரறைதான் என்று நினைத்தேன்.

"முதலாளி, அவ மூக்கை மாத்திப்போட்டா. நான் என்ன செய்ய?"

தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் சொல்லி, என் மூக்கைத் தொட்டும் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. கசெட்டைப் போட்டார். முதல் வரி முடியுமுன்னே, இது அந்தப் பாடகிதான் என்றேன். அப்போதுதான் சிரித்தார். இனிமேல் கேட்டுவிட்டு அடுக்கு என்றார்.

அதன்பின் எந்தக் கசெட் வந்தாலும் முதலில் கேட்பது நான்தான். அந்தப் பாடகியின் வாழ்க்கையையும் அப்படித்தான் அறிந்தேன். புகழ் ஏறிய காலத்தில் குரலில் ஒரு துள்ளல். பிறகு சில வருடம் கசெட்டே இல்லை. தொண்டையில் வருத்தம், பாட முடியாது என்றார்கள். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்து, வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்கியது... எனக்கு அதுதான் கூடப் பிடித்தது.

போன வருடம் முதியோர் வகுப்பில் தமிழ் எழுத்தும் பிரெஞ்சு எழுத்தும் படித்தேன். இதையும் நானே எழுதுகிறேன், மெதுவாக. இன்று காலை போனில் அவரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை கிடைத்தது. தேநீர் ஆறிப்போகும் வரை எழுத்துக்கூட்டி மனைவிக்கு வாசித்தேன். பிறந்த ஊர், இரண்டு கல்யாணம், வாங்கிய பரிசுகள்... எல்லாம் இருக்கிறது. அந்த மூச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"வாசிச்சது காணும். ஒருக்காப் பாட்டைப் போடுங்கோவன்," என்றாள் அவள்.

போட்டேன். பாட்டுக்கு முன்பே போன் திரையில் அவர் பெயர் பிரெஞ்சு எழுத்தில் வந்து நின்றது. நானும் வாசித்துவிட்டேன். சந்தோசம்தான்... ஆனால் யாருடைய குரலோ என்று முதல் வரிக்காகக் காத்திருப்பது இனி இல்லை.