நாலு கலர் நோட்ஸும் மல்லிகாவின் மாடும்

ஒப்பந்தச் சட்டத் தேர்வுக்காக நாலு கலரில் நோட்ஸ் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று ஜமுனாமரத்தூர் பேருந்தில் என் வகுப்பு மல்லிகா வெறுங்கையோடு ஏறினாள். பக்கத்து சீட்டு அக்காக்களிடம் ஒரு வழக்கை மாட்டுக் கதையாக்கிச் சொன்னாள்.

“காணாப்போன மாட்ட புடிச்சாந்தா பரிசுன்னு தண்டோரா போட்டாங்க. அது தெரியாதவன் புடிச்சாந்தா, பரிசு உண்டாக்கா?”

“ஏன் இல்ல? மாடு வந்துச்சில்ல?”

“தெரியாதவனுக்கு இன்னாத்துக்கு பரிசு?” என்றாள் இன்னொரு அக்கா.

பேருந்தே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. “அவனுக்கு ஒப்பந்தமே இல்லக்கா, பரிசு கெடையாது” என்று மல்லிகா தீர்த்து வைத்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. தேர்வில் அவளுக்கு அந்தச் சண்டை ஞாபகம் வரும். எனக்குப் பச்சை மைதான் வரும்.

வீட்டில் அம்மாவிடம் அதே கதையைச் சொன்னேன்.

“மாடு கெடச்சிடுச்சில்ல? வந்து சோறு துன்னு.”

உங்கள் வீட்டில் சண்டைக்கு ஆள் இருந்தால் அனுப்பி வையுங்கள்.